மூத்தநாச்சி குடித் தூண்

பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி ஐந்து வருடம் படித்துவிட்டு வந்து எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நான் செய்த முதல் காரியம், தூணை நக்கிப் பார்த்ததுதான். நேராக நாக்கை வைக்கவில்லை. சீமெந்துப் பூச்சு உப்பி வெடித்திருந்த இடத்தில் பூத்துக் கிடந்த வெள்ளைத் தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். பக்கக் கதவடியில் காவல் நின்ற மாமாவுக்கு அங்கிருந்து பார்க்க நக்கியது போலத்தான் இருந்திருக்கும்.

"என்னகா புள்ள, தூணையா நக்குறாய்?"

"உப்பா எண்டு பாக்கிறன் மாமா."

"கூடவா, கொறவா?"

"நல்லாக் கூட."

தான் வைத்த ஆணத்தில், குழம்பில், உப்புக் கூடிவிட்டதென்று யாரோ குறை சொல்லிவிட்டது போல மாமா முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கல்முனைக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் என்பது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது இதை மாமாவுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள். அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை மாதமாக வாயை மூடிக்கொண்டு திரிகிறேன்.

மாமா என்றால் உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன், ஸைனுலாப்தீன் மரைக்கார். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். வாப்பா ஓடாவி குடி. ஆனால் நான் உம்மாவின் பிள்ளை, ஆகவே மூத்தநாச்சி குடி. பள்ளிவாசல் காரியங்களில் ஒவ்வொரு குடிக்காகவும் பேச ஒரு மரைக்கார் இருப்பார். எட்டுக் குடி, எட்டு மரைக்கார், உள்பள்ளியில் எட்டு முருகைக்கல் தூண். ஒரு குடிக்கு ஒரு தூண் என்று யார் பிரித்துக் கொடுத்தார்களோ தெரியாது. கட்டடத்துக்கு வயது இருநூறு என்பார்கள், நானூறு என்பார்கள். அது கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பொறுத்தது. நோன்பு பிறப்பதற்கு முன்னால், ஷஃபான் மாதத்தின் கடைசி வெள்ளிக்குள், ஒவ்வொரு குடியும் தன் தூணுக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துவிட வேண்டும். அதற்குத் தூண் உடுத்தல் என்று பெயர். உடுக்காத தூணோடு நோன்பு பிறந்தால் அந்தக் குடிக்கு வருடம் முழுக்கத் தலைகுனிவு.

சுண்ணாம்போடு நின்றிருந்தால் நான் எதற்கு? போட்டி என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களைக் கேட்க வேண்டாம். ஒரு குடி டிஸ்டெம்பர் அடித்தால் அடுத்த குடி எண்ணெய்ப் பெயின்ற் அடித்தது. பிறகு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. உள்பள்ளியில் தண்ணீர் இடுப்பளவு நின்று வடிந்தது. புதிதாகக் கட்டிய வெளிப்பள்ளி தரைமட்டமாகிப் போக, முருகைக்கல் கட்டடம் மட்டும் அப்படியே நின்றது. மாமி அந்தக் காலையில் போனவர்தான். மாமியின் நாற்பதாம் கத்தம் முடிந்த மறுநாள் மாமா தன் கையால் சீமெந்து குழைத்து, ஒருத்தரையும் கிட்ட விடாமல், எங்கள் தூணுக்கு அடியிலிருந்து முடி வரை பூசினாராம். 'அவருக்கு அப்ப கைக்கு ஒரு வேலை வேணுமா இரிந்திச்சு' என்பார் உம்மா. மற்றக் குடிகளும் பார்த்துப் பூசின. கட்டாரிலும் சவூதியிலும் பிள்ளைகள் உழைக்கத் தொடங்கியதும் சீமெந்தின் மேல் டைல்ஸ் ஏறியது. ஏழு தூண்கள் டைல்ஸ் உடுத்திக்கொண்டு பளபளத்தன. எங்கள் தூண் மட்டும் மாமாவின் சீமெந்தோடு நின்றது.

முருகைக்கல் என்பது பவளக்கல், கடலில் வளர்ந்தது. உடம்பு முழுக்கத் துளை. தண்ணீரைக் குடிக்கும், குடித்ததைத் திரும்ப விடும். மேலே சுண்ணாம்பு இருந்தால் அதன் வழியாக ஈரம் வெளியேறிவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. கடல் விட்டுப்போன உப்பு உள்ளேயே ஈரத்தோடு கரைவதும் காய்வதுமாக இருந்து, காயும்போதெல்லாம் பருத்து, கல்லை உள்ளிருந்தே மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்றோ நாளையோ விழாது. பத்து வருடம் போகலாம், பதினைந்தும் போகலாம். இதை நான் பள்ளிவாசல் கூட்டத்தில், பெண்களுக்கென்று போட்டிருந்த திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு சொன்னேன். ஒருவர், "புள்ள, கல்லுக்கும் மூச்சு முட்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்துவைத்தேன், என்ன செய்வது. கடைசியில் மாமா எழும்பி, "எங்கட தூணை எடு மகள். செஞ்சு காட்டு" என்றார்.

சனிக்கிழமைகளில் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, பக்கக் கதவால் வந்து பக்கக் கதவால் போக வேண்டும், அந்த நேரத்தில் ஆம்பிளைகள் உள்ளே வராமல் மாமா கதவடியில் நிற்பார் என்பது ஏற்பாடு. என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லிவைத்தேன்.

"இந்த நோம்புக்குத் தூண் உடுக்க ஏலா மாமா. வெறுமேலாத்தான் நிக்கும். அடுத்த நோம்புக்கு நான் சுண்ணாம்பு பூசித் தாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வெக்கப்படா."

"ஒரு வருசம்தானே," என்றார் மாமா. "சமாளிப்பம்."

சமாளிப்போம் என்று அவர் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது அவர் தனக்கே சொல்லிக்கொண்டது என்பது இப்போதுதான் புரிகிறது.

ஓகஸ்ட் மாதத்து வெயிலில் வேலையைத் தொடங்கினேன். சின்ன உளி, மரச் சுத்தியல், தூரிகை. மாமா பூசிய சீமெந்து லேசில் வந்துவிடவில்லை. மனிதர் அப்படிப் பூசியிருந்தார். ஒவ்வொரு துண்டும் பெயர்ந்து சாக்கில் விழும் சத்தத்துக்கு மாமா கதவடியிலிருந்து திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் கிட்ட வந்து ஒரு துண்டை எடுத்தார். அதில் அவருடைய கரண்டி இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. பெருவிரலால் தடவிவிட்டுச் சாக்கில் மெதுவாக வைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே வேலையை விட்டுவிடலாம் போலிருந்தது. "நீ பாரு மகள்," என்றுவிட்டுக் கதவடிக்குப் போய்விட்டார்.

ஒக்டோபரில்தான் அந்தக் கைகளைக் கண்டேன். சீமெந்துக்குக் கீழே எண்ணெய்ப் பெயின்ற், அதற்குக் கீழே வெள்ளைமேல் வெள்ளையாகத் தாள் தாளாகச் சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கட்டிய நாளில் பூசிய முதல் பூச்சு. நிலத்திலிருந்து ஒன்றரை முழ உயரத்தில், தொழுகிற திசையான கிப்லாவுக்குப் பின்புறமாக இருக்கும் பக்கத்தில் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குழி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. உடைந்த இடம் என்று நினைத்து லைற்றைச் சாய்த்துப் பிடித்தால், ஐந்து விரல்கள். ஈரமான சுண்ணாம்பில் யாரோ உள்ளங்கையை விரித்து அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு சனிக்கிழமைகளில் முழுவதையும் துப்புரவாக்கி எண்ணினேன். பதினொரு கைகள், ஒரே வரிசையில். எல்லாம் சின்னக் கைகள், பெண்களுடையவை. ஒன்று குழந்தையுடையது. ஆறாவது கையில் காப்பு அழுந்திய தடம் கூட இருந்தது. சுண்ணாம்பு இடித்துக் குழைத்த பெண்கள், ஆண்கள் தொழப்போகிற இடத்தின் அடியில், நிலத்தில் குந்தியிருந்து வைத்துவிட்டுப் போன கைகள். மூன்றாவது கையின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. உம்மாவுக்கு அப்படி ஒரு விரல். எனக்கும் அப்படித்தான். உளியைக் கீழே வைத்துவிட்டு என் கையை அதற்குள் வைத்தேன். பொருந்தியது. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மாமா ஒரு வேலையாகக் கல்முனைக்குப் போயிருந்த சனிக்கிழமையில் உம்மாவைக் கூட்டிவந்தேன். பாங்கு சொல்கிற மோதினார் நல்ல மனிதர், கதவைத் திறந்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில் உம்மா அந்த உள்பள்ளிக்குள் கால் வைத்தது அன்றுதான். வாசலில் நின்று மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். ஏதோ பெரிய மாளிகை என்று நினைத்திருந்தாராம். பிறகு தூணடியில் அவரைக் குந்தவைத்துக் கையைப் பிடித்து அந்த மூன்றாவது குழியில் வைத்தேன். விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

"இது எங்கட ஆக்கள்ர கையா?"

"ஓம் உம்மா."

"நமக்கு முன்னயே வந்திட்டுப் போயிருக்காளுகள்," என்றார். முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் செய்த பிழை இனிமேல்தான் வருகிறது. கைகளைப் பற்றி மாமாவிடம் சொல்லவில்லை. ஊரில் உம்மாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, உம்மாவையும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். எனக்கு இரண்டு பயம் இருந்தது. பள்ளிவாசலுக்குள் உருவம் ஆகாது என்று சொல்லிக்கொண்டு யாராவது இளம் மௌலவி கிளம்பினால், தொழுகிற இடத்தில் இதென்ன என்று அன்றைக்கே சுரண்டிவிடுவார்கள். அல்லது செய்தி வெளியே போய், பழைய சின்னம் கண்டுபிடித்தாயிற்று என்று பத்திரிகைக்காரரும் அதிகாரிகளும் வந்து நின்றால், பள்ளிவாசலே நம் கையை விட்டுப் போகப்போகிறது என்று ஊர் கொந்தளிக்கும். அம்பாறைப் பக்கத்தில் பழைய கல் என்ற சொல்லைச் சொன்னாலே ஆட்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அந்தப் பயம் சரியா பிழையா என்று நான் விவாதிக்கப்போவதில்லை, எனக்கும் இருந்தது. படங்கள் எடுத்துக்கொண்டேன். பிறகு கைகளின் மேல் மெல்லிய துணி வைத்து, அதன்மேல் பத்துப் போட்டு மூடிவிட்டேன். பத்து என்றால் காலில் அடிபட்டால் போடுகிறோமே, அதேதான். சுத்தத் தண்ணீரில் கடதாசியை ஊறவைத்து அரைத்த கூழை அப்பிவிட்டால், அது காயும்போது கல்லிலுள்ள உப்பைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு எடுத்துவிட்டுப் புதிதாக அப்ப வேண்டும். உப்பு ஓயும் வரைக்கும் இதே வேலைதான்.

மட்டக்களப்பில் என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கிருசிகாவிடம் மட்டும் படங்களைக் காட்டினேன். காரைதீவுக்காரி. ஒவ்வொரு வாரமும் நான் கொண்டுபோகும் கூழில் எவ்வளவு உப்பு என்று அளந்து சொல்பவள் அவள்தான். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மாமாக்கிட்டச் சொல்லிடு றுஸ்தா. அவர்ர தூண்தானே."

"நோம்பு முடியட்டும்."

"எங்கட கோயில்ல கல்லுத் தூணுக்கெல்லாம் பச்சைப் பெயின்ற் அடிச்சபோது நானும் இப்பிடித்தான், திருவிழா முடியட்டும் எண்டு இருந்தன்," என்றாள். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. நானும் கேட்கவில்லை.

மழை தொடங்கியது. கார்த்திகையில் பிடித்த மழை தையிலும் விடவில்லை. சுவரிலும் தூணிலும் கைவைத்தால் ஈரம். பத்து காயாமல் அப்படியே தொங்கியது. இரண்டு வாரத்தில் காய வேண்டியது ஆறு வாரமானது. டைல்ஸ் உடுத்திய ஏழு தூண்களுக்கு நடுவில் எங்கள் தூண் சாம்பல் நிறக் கூழும் துணியுமாக, ஆசுபத்திரியிலிருந்து பாதியில் எழும்பி வந்த ஆள் மாதிரி நின்றது. வெளியே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தம்பி சொல்லித்தான் தெரியும். தேநீர்க் கடையில், மூத்தநாச்சி குடித் தூணுக்கு எந்த வாட்டில் கட்டில் கிடைத்திருக்கிறது என்று கேட்டார்களாம். பரிசாரி யார், ஒரு பொம்பிளைப் பிள்ளையா என்றார்களாம். கூழ் ஒழுகித் தொழுகைப் பாயில் சொட்டியதில் இரண்டு முறை சண்டை வந்திருக்கிறது. வரிசையில் அந்தத் தூணுக்குப் பக்கத்து இடத்தில் நிற்க ஆட்கள் தயங்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஐந்து நேரமும் மாமாவே போய் நின்றிருக்கிறார். இதில் ஒன்றையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் கேட்பது ஒரே கேள்விதான்.

"இண்டைக்கு எப்பிடி? உப்புக் கொறஞ்சிரிக்கா?"

"கொஞ்சம் கொறஞ்சிரிக்கி மாமா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்பார், காய்ச்சல் இறங்கியதைக் கேட்டவர் போல.

ஷஃபான் மாதத்தில் மன்னாரில் ஒரு பழைய கட்டடத்து வேலைக்கு இரண்டு வாரம் போக வேண்டி வந்தது. போகுமுன் பத்தை மாற்றி, துணியை இறுக்கிக் கட்டி, 'கை வைக்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனேன். இரண்டாவது வாரக் கடைசியில் மாமாவிடமிருந்து வட்ஸப்பில் குரல் வந்தது. "மகள், சனிக்கிழமை வெள்ளன வா. ஒரு சங்கதி இரிக்கி. உம்மாக்கிட்டக் கேக்காத, அவவுக்கும் தெரியா." குரலில் ஒரு குதூகலம். மாமா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரோ ஒரு மரைக்கார் தங்கள் தூணையும் செய்துதரச் சொல்லிக் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டாவது தூணுக்கு எவ்வளவு கூழ் வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு மடைச்சி நான்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு மாமாவே ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் புதுச் சால்வை. வழியில் நிறுத்தி எனக்குப் பிடித்த இனிப்பு, தொதல், வாங்கினார். பள்ளிவாசலின் பக்கக் கதவடியில் உம்மாவின் தங்கை, சாச்சியின் மகன் நிப்றாஸ் நின்றான். கட்டாரில் ஏழு வருடம் டைல்ஸ் பதித்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தான். எங்கள் குடிப் பையன்கள் நாலைந்து பேரும் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய நகங்களிலும் சீமெந்து. மாமா உள்ளே போய் எல்லா லைற்றையும் போட்டார்.

கறுப்பு டைல்ஸ். அடியிலிருந்து முடி வரை, முகம் பார்க்கலாம் போன்ற கறுப்பு. நான்கு மூலையிலும் பொன்நிறக் கோடு. மற்ற ஏழு தூண்களும் அதன் முன்னால் பழையதாகத் தெரிந்தன. நேர்த்தியான வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஓர் இடத்திலும் கோடு பிசகவில்லை.

"உன்ட வேலையை நாங்க முடிச்சுத் தந்திட்டம் மகள்," என்றார் மாமா. "ஆறு மாசமா நீ ஒருத்தியா நிண்டு மாயுறாய். மழையும் விடுதில்ல. நோம்பு வருது. குடியில ஆம்பிளையள் இத்தின பேர் இரிந்துகொண்டு, பொம்பிளைப் புள்ளையத் தனிய விட்டுட்டு சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதா? நிப்றாஸ்தான் செய்வம் எண்டான். மூணு நாள். சாப்பாடு உன்ட சாச்சிட வீட்டில இரிந்து."

நிப்றாஸைப் பார்த்துக் கேட்டேன்.

"நான் ஒட்டியிருந்த கூழ்?"

"அதெல்லாம் சுத்தமாக் கழுவி எடுத்திட்டம் ராத்தா. பைப் புடிச்சு அடிச்சம்."

"கொத்தினீங்களா?"

கேட்கும்போதே பதில் தெரியும். டைல்ஸ் பிடிக்க வேண்டுமானால் அடியிலுள்ள பூச்சு முழுவதையும் உளியால் கொத்திப் புள்ளி புள்ளியாகக் காயப்படுத்த வேண்டும். நல்ல மேசன் ஓர் அங்குலத்தையும் விடமாட்டான். நிப்றாஸ் நல்ல மேசன்.

"கொத்தாம நிக்குமா ராத்தா? நாலு பக்கமும் நல்லாக் கொத்தித்தான் போட்டம். இனி நூறு வருசத்துக்கு அசையா." பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "அடியில ஒரு பக்கம் பூவோ என்னவோ குழி குழியாக் கிடந்திச்சு. ஊறிப் போய்த்தானே இரிந்த. உளி பட்டதும் பொலபொலண்டு கொட்டிண்டிச்சு" என்றான்.

ஊறிப் போய்த்தான் இருந்தது. ஊறவைத்தது நான்தான்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பையன்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கத்தலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கத்தி என்ன சொல்வது? உள்ளே உப்பு கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது, உங்கள் நூறு வருடம் பத்து வருடம் கூட இல்லை என்றா? நீங்கள் கொத்தியது எங்களுக்கு முன்னால் இங்கே வந்துவிட்டுப் போன பெண்களின் கைகளை என்றா? சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டுவிட்டு, இப்போது சொன்னால் அது யாருக்கு? முன்பு ஒருமுறை மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இதே தூணுக்குச் சீமெந்து பூசிய மனிதர், இன்று அதே கையால் எனக்கு ஒரு பரிசு தந்துவிட்டு நிற்கிறார்.

"உன்ட மாமி இரிந்தா சந்தோசப்பட்டிரிப்பா," என்றார்.

"வடிவா இரிக்கி மாமா," என்றேன்.

கொத்திய மண்ணை எங்கே போட்டீர்கள் என்று கேட்டதற்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற ஹவுள் தொட்டியடியில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்துக்கு நிரவிவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வுழூச் செய்ய வந்தவர்களின் கால்கள் மூன்று நாளாக மிதித்து இறுக்கிய நிலம், நடுவில் ஒரு கொங்கிறீற் கல். ஓரத்தில் குந்தி நகத்தால் கிளறினேன். வெள்ளைக் கட்டிகள் சில வந்தன. ஒன்றிலாவது ஒரு விரலின் வளைவு இருக்காதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பு, விரலில் அப்பிக்கொண்டு கரைந்துவிட்டது. படங்கள் கைப்பேசியில் இருக்கின்றன, அறுபத்துநாலு படம். கையை வைத்துப் பார்க்க முடியாத கைகளைப் படத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அன்று பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த பிறகு, மாமா இன்னொரு காரியமும் செய்தார். மற்ற மரைக்கார்மாரிடம் பேசி, எங்கள் குடிப் பெண்கள் ஒரு மணித்தியாலம் உள்ளே வந்து தூணைப் பார்த்துவிட்டுப் போக அனுமதி வாங்கியிருந்தார். ஊரில் நடக்காத சங்கதி. பிறை பார்க்கிற நாள் வேறு. முப்பது முப்பத்தைந்து பெண்கள் வுழூச் செய்துகொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கக் கதவால் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே சந்தோசம். சாச்சி தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பெண் டைல்ஸில் முகம் பார்த்து முக்காட்டைச் சரிசெய்தாள். மாமா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் போல வாசலடியில் நின்றார். இத்தனை நாள் வளைந்திருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை.

உம்மா கடைசியாக வந்தார். தூணை மேலே பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், நிலத்தில் குந்தி, ஒன்றரை முழ உயரத்தில் கையை வைத்துத் தடவினார். கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம். பிறகு தலையைத் திருப்பி என்னைத் தேடினார். கிட்டப் போய் நானும் குந்தினேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இதுக்குள்ளதானே இரிக்கி?"

மாமா எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"ஓம் உம்மா. உள்ளதான். பத்திரமா இரிக்கி."

உம்மா தலையாட்டினார். வுழூச் செய்த ஈரம் காயாத கையை அந்தக் கறுப்பின் மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உள்ளே இருப்பவர்களுக்கு ஏதோ சொல்வது போல உதடு அசைந்தது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, மற்றப் பெண்களோடு சேர்ந்துகொண்டார்.

அவர் கை எடுத்த இடத்தில், பளபளத்த டைல்ஸில், ஈரமாக ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்து. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மாமா வந்து பக்கத்தில் குனிந்தார். தோளிலிருந்த புதுச் சால்வையின் நுனியை எடுத்து, வாயால் ஒருமுறை ஊதி, பக்குவமாக, ஒரு விரல் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டார்.